நடப்பதற்கும் ஒரு திட்டமா?

சென்ற விடுமுறையில் விடுதி அறையின் தரையில் ஒரு நிலப்படத்தை விரித்துவைத்து, வெள்ளை நூல் ஒன்றை அதன் வளைவு நெளிவுகளின்மேல் ஒட்டிப் பிடித்து அளந்துகொண்டிருந்தேன். உள்ளே வந்த நண்பர் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, "இரயிலுக்குத் திட்டம் போடுவார்கள், கல்யாணத்துக்குத் திட்டம் போடுவார்கள். நடப்பதற்குமா திட்டம்? பிறந்த ஓராண்டில் கற்றுக்கொண்ட வித்தை அல்லவா அது!" என்று சிரித்தார்.

நண்பரின் கேள்வி நியாயமானதே. விடுதியிலிருந்து வகுப்பறைக்குச் செல்லத் திட்டம் தேவையில்லை. ஆனால், ஒதுங்க ஒரு மரமும் இல்லாத மேட்டு வெளியில் 20 கிலோமீட்டர் நடந்து, இருட்டுவதற்குள் ஓர் ஊரை அடைய வேண்டும் என்றால், அல்லது கடல் ஏறி வருவதற்குள் ஒரு பாறை முனையைச் சுற்றிக் கடந்துவிட வேண்டும் என்றால், கால்கள் மட்டும் போதா, கணக்கும் வேண்டும். அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதை ஓர் உண்மையான பாதையை எடுத்துக்கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நம்மில் சிலர் மேற்படிப்புக்காக லீட்ஸ், யார்க், டர்ஹாம் என்று செல்லக்கூடும். அவர்களுக்கு இது நேராகவே பயன்படும். செல்லாதவர்களுக்கு முறை பயன்படும்.

பாதையும் நிலமும்

இங்கிலாந்தின் வடகிழக்கில் யார்க்‌ஷயர் பகுதியில் 'கிளீவ்லண்ட் வழி' என்னும் நடைபாதை ஒன்று இருக்கிறது. 1969ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. நீளம் 109 மைல். அதாவது ஏறத்தாழ 175 கிலோமீட்டர். ஹெம்ஸ்லி என்ற சந்தை ஊரில் தொடங்கி, மேட்டு நிலத்தின் மேற்கு விளிம்பிலும் வடக்கு விளிம்பிலும் வளைந்து சென்று, சால்ட்பர்ன் என்னும் ஊரில் கடலைத் தொடுகிறது. பிறகு தெற்கே திரும்பிக் கடலோரமாகவே வந்து ஃபைலியில் முடிகிறது. படத்தில் பார்த்தால் குதிரை லாடம் ஒன்றைக் கவிழ்த்து வைத்தாற்போல் இருக்கும். மேட்டு வெளியும் கடலோரமும் ஏறத்தாழச் சரிபாதியாக ஒரே பாதையில் அமைந்திருப்பதால், இரண்டுக்கும் வேண்டிய ஆயத்தங்களை இதிலேயே கற்றுக்கொள்ளலாம்.

'மூர்' என்று ஆங்கிலேயர் சொல்லும் நிலத்துக்கு நம்மிடம் நேரான சொல் இல்லை. நம் ஐந்திணையில் வைத்துப் பார்த்தால் அது குறிஞ்சிக்குரிய உயரமும் உடையதன்று. முல்லைக்குரிய காடும் உடையதன்று. 300, 400 மீட்டர் உயரத்தில் அலை அலையாகக் கிடக்கும் திறந்த வெளி அது. மிக உயர்ந்த இடமான உர்ரா மேட்டின் உச்சியே 454 மீட்டர்தான். முழங்கால் அளவு வளரும் 'ஹெதர்' என்னும் புதர்ச்செடி கண்ணுக்கு எட்டிய வரை மூடியிருக்கும். நம் குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒரு முறை பூத்து மலையை நீலமாக்கும். ஹெதர் ஆண்டுதோறும் ஆகஸ்டில் பூத்து மேட்டையெல்லாம் செந்நீலமாக்கிவிடும்.

இந்த வெளி இயற்கை தந்தது என்று பலர் எண்ணுவர், அவ்வாறு அன்று. ஒரு காலத்தில் அங்கே காடு இருந்தது. வெண்கலக் காலம் முதலே மக்கள் மரத்தை வெட்டி, பயிரிட்டு, மந்தைகளை மேயவிட்டனர். மண் சத்திழந்து புளித்துப்போயிற்று. நீர் வடியாத இடங்களில் மக்காத தாவரங்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து 'பீட்' என்னும் கரிய சேற்று மண் ஆயின. இன்று ஆடுகள் மேய்வதாலும், 'கிரவுஸ்' என்னும் வேட்டைப் பறவைக்காக ஹெதரைப் பகுதி பகுதியாக எரித்து வளர்ப்பதாலும் மரங்கள் மீண்டும் தலையெடுப்பதில்லை.

நடப்பவனுக்கு இந்த வரலாறு எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. மரம் இல்லை, ஆகவே காற்றுக்குத் தடுப்பு இல்லை. அடையாளம் சொல்ல ஆலமரமும் இல்லை, அரசமரமும் இல்லை. ஆகவே மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் எல்லாத் திசையும் ஒரே திசைதான். மண் நீரைப் பிடித்து வைக்கும் மண். ஆகவே உறுதியாகத் தோன்றும் தரையில் கால் புதையும். திட்டத்தில் நாம் எதிர்நோக்கும் இடர்கள் எல்லாம் இந்த மூன்றிலிருந்து பிறப்பவையே.

நடக்கும் உரிமை

திட்டத்தின் முதற் கேள்வி, 'எங்கே நடக்க எனக்கு உரிமை உண்டு?' என்பதாகும். நம் நாட்டில் ஊர்ப்புறத்து வரப்பில் நடப்பவனை எளிதில் யாரும் தடுப்பதில்லை. இங்கிலாந்தில் மேட்டு வெளிகள் பெரும்பாலும் தனியார் உடைமை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அவை வேட்டைக்கென வேலியிட்டுக் காக்கப்பட்டன. மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆலைகளில் வாரம் முழுதும் புகையில் உழைத்த தொழிலாளர்கள், ஞாயிற்றுக்கிழமை ஏறிக் காற்று வாங்க ஆசைப்பட்ட மலைகள் கண்ணெதிரே இருந்தும் அவர்களுக்கு இல்லாமல் இருந்தன.

1932 ஏப்ரல் 24ஆம் நாள் சில நூறு இளைஞர்கள் டார்பிஷயரில் உள்ள கிண்டர் ஸ்கௌட் மேட்டில் தடையை மீறி ஏறினர். காவலர்களோடு கைகலப்பு நேர்ந்தது. ஐவர் சிறை சென்றனர். தலைமை தாங்கிய பென்னி ராத்மனுக்கு அப்போது வயது 20. அதாவது இக்கட்டுரையைப் படிக்கும் நம்மில் பலருடைய வயது. நடப்பதற்காக ஒருவன் சிறை செல்வதா என்று இன்று வியப்பாக இருக்கிறது. ஆனால் அந்தக் கிளர்ச்சியும் அதற்கு முன்னும் பின்னும் நடந்த முயற்சிகளும் வீண்போகவில்லை. 1949இல் தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புறத்தில் நடமாடும் உரிமைக்கும் சட்டம் வந்தது. 1952இல் வடக்கு யார்க் மேட்டுநிலம் தேசியப் பூங்கா ஆயிற்று. 1965இல் பென்னைன் வழி என்னும் முதல் நெடும்பாதையும், நான்கு ஆண்டுகள் கழித்து நம் கிளீவ்லண்ட் வழியும் திறக்கப்பட்டன. 2000ஆம் ஆண்டுச் சட்டம், குறிக்கப்பட்ட மேட்டு வெளிகளில் பாதையை விட்டு விலகியும் காலால் நடக்கும் உரிமையை வழங்கியது. 2009ஆம் ஆண்டுச் சட்டம் கடற்கரைக்கும் அத்தகைய வழியைத் திறந்தது.

உரிமைக்கு எல்லையும் உண்டு. நடக்கலாம் என்பதால் விரும்பிய இடத்தில் கூடாரம் அடிக்கலாம் என்று பொருளில்லை. இங்கிலாந்தில் அதற்கு நில உடைமையாளரின் இசைவு வேண்டும். டார்ட்மூர் என்னும் தென்மேற்கு மேட்டு வெளி மட்டும் விலக்கு. அங்கும் அந்த உரிமை வழக்கில் சிக்கி, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் வரை சென்றுதான் நிலைத்தது. மேலும், மார்ச் முதல் ஜூலை முடிய இத்திறந்த வெளிகளில் நாயைக் கயிற்றில் பிடித்துத்தான் அழைத்துச் செல்ல வேண்டும். தரையில் கூடு கட்டும் பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலம் அது. ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 முடியக் கிரவுஸ் வேட்டைக் காலம். அறிவிப்புப் பலகைகளைப் படித்து நடப்பது நல்லது.

படமும் பரங்கிமலையும்

அடுத்தது நிலப்படம். பிரிட்டனின் நில அளவைத் துறை இந்த வட்டாரத்துக்கு இரண்டு தாள்கள் வெளியிடுகிறது: மேற்குக்கு ஓ.எல். 26, கிழக்குக்கு ஓ.எல். 27. படத்தில் 4 சென்டிமீட்டர் தரையில் 1 கிலோமீட்டர். வேலி, சுவர், ஓடை, பண்ணை வீடு எல்லாம் அதில் இருக்கும். பாதை தெளிவாகத் தெரியும்போது படம் வேடிக்கை. மூடுபனியில் கல் சுவர் ஒன்றில் முட்டி நிற்கும்போது அதுவே உயிர். எந்தச் சுவர் என்று படம் சொல்லிவிடும்.

உயரக் கோடுகளைப் படிக்கப் பழக வேண்டும். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமவெளி. ஒரே நீளமுள்ள இரண்டு பாதைகளுள் எது காலைக் கெஞ்சவைக்கும் என்பதைக் கோடுகளே காட்டிக்கொடுக்கும்.

இங்கே ஒரு சுவையான தொடர்பைச் சொல்லாமல் விட மனமில்லை. கிளீவ்லண்ட் வழியில் இரண்டாம் நாள் இரவு தங்கும் ஆஸ்மதர்லி ஊரிலிருந்து மேற்கே பார்த்தால், சமவெளியில் நார்த்தலர்ட்டன் என்ற ஊர் உள்ளது. அதன் அருகே எளிய குடும்பத்தில் பிறந்தவர் வில்லியம் லாம்டன். அவர்தாம் 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்து, இந்தியாவின் மாபெரும் முக்கோண நில அளவையைத் தொடங்கியவர். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தில் அவருடைய அரை டன் எடையுள்ள கோணமானியை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதிச் சிதைந்தது. மனம் தளராமல் பல வாரங்கள் உழைத்து அவரே அதைச் செப்பனிட்டார். 1823இல் மராட்டியத்தின் இங்கன்காட்டில், வேலையின் நடுவிலேயே இறந்தார். யார்க்‌ஷயர் மேட்டின் அடிவாரத்துப் பிள்ளை நம் மண்ணை அளந்து கோடிட்டார். இருநூறு ஆண்டு கழித்து நம் பிள்ளைகள் அவர் ஊர் மேட்டில் படத்தை விரித்து வழி பார்ப்பதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

கைப்பேசியிலேயே படம் வருகிறதே என்பீர்கள். வரட்டும், பயன்படுத்துங்கள். ஆனால் குளிரில் மின்கலம் விரைவில் இறங்கும். பள்ளத்தாக்குகளில் அலைவரிசை கிடைக்காது. மழையில் நனைந்த விரலுக்குத் திரை கீழ்ப்படியாது. காகிதப் படமும் திசைகாட்டியும் பையில் இருந்தே ஆக வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்த வீட்டருகே ஒரு திடலிலேனும் பழகியிருக்க வேண்டும்.

நேரக் கணக்கு

1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து மலையேறி ஓர் எளிய விதியைத் தந்தார். 3 மைலுக்கு 1 மணி நேரம். அதோடு 2,000 அடி ஏற்றத்துக்கு மேலும் 1 மணி நேரம். நம் அளவையில் சொன்னால், ஒரு மணிக்கு 5 கிலோமீட்டர். ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 10 நிமிடம் கூடுதல். நூறாண்டுக்கு மேலாகியும் இவ்விதி வழக்கொழியவில்லை. ஆனால் இது நலமுள்ள ஒருவன் நிற்காமல் நடக்கும் கணக்கு. சுமைக்கும் சேற்றுக்கும் எதிர்க்காற்றுக்கும் கால் பங்கு கூட்டிக்கொள்ள வேண்டும். உண்ணவும் இளைப்பாறவும் தனியே நேரம் ஒதுக்க வேண்டும்.

முதலில் நாட்களைப் பங்கிடுவோம். கிளீவ்லண்ட் வழியைப் பலர் ஒன்பது நாட்களில் நடக்கின்றனர். ஹெம்ஸ்லியிலிருந்து சட்டன் பாங்க் 17 கிலோமீட்டர்; அங்கிருந்து ஆஸ்மதர்லி 18½; கிளே பாங்க் 18; கில்டேல் 14½; சால்ட்பர்ன் 24; சாண்ட்செண்ட் 27; ராபின் ஹூட் விரிகுடா 16; ஸ்கார்பரோ 22½; ஃபைலி 17½. மூன்றாம் நாள் குறுகியதாகத் தோன்றினாலும் குன்றுகள் வரிசையாக ஏறி இறங்குவதால் கால் அறியும். ஆறாம் நாள்தான் மிக நீண்டது. அதையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம்.

27 கிலோமீட்டரை 5ஆல் வகுத்தால் 5 மணி 24 நிமிடம். அன்று பௌல்பி உச்சி வருகிறது. 200 மீட்டருக்கு மேற்பட்ட உயரம். இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலேயே மிக உயர்ந்த கடற்பாறை. இடையிடையே ஓடைகள் கடலைச் சேரும் பள்ளங்களில் இறங்கி ஏற வேண்டும். ஏற்றங்களை எல்லாம் கூட்டி 700 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 70 நிமிடம். ஆக 6 மணி 34 நிமிடம். கால் பங்கு கூட்ட, 8 மணி 12 நிமிடம் ஆகிறது. உணவுக்கும் ஓய்வுக்கும் ஒன்றரை மணி சேர்த்தால் ஏறத்தாழ 9 மணி 45 நிமிடம்.

இனி இக்கணக்கைப் பகற்பொழுதோடு ஒப்பிட வேண்டும். நமக்கு இங்கே இதில் பழக்கமில்லை. சென்னையில் கோடைப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் வேற்றுமை ஒன்றரை மணி அளவே. அந்த வடபுலத்திலோ ஜூன் மாதத்தில் 17 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம். டிசம்பரில் 7 மணிக்குச் சற்றே கூடுதல். ஜூனில் காலை 9 மணிக்குச் சோம்பேறியாகப் புறப்பட்டாலும் வெயில் மறையுமுன் சேர்ந்துவிடலாம். நவம்பர் நடுவில் பகல் எட்டரை மணி அளவே. கதிரவன் எழும்போதே புறப்பட்டாலும் கடைசி ஒரு மணிக்கு மேல் இருட்டில், செங்குத்துப் பாறை விளிம்பில் நடக்க வேண்டிவரும். அதே பாதை, அதே கால்கள். மாதம் மட்டுமே வேறு. ஆகவே நவம்பரில் அந்த நாளை இரண்டாகப் பிரித்து, நடுவில் ஸ்டெய்த்ஸ் என்ற மீனவர் ஊரில் தங்க வேண்டும். பெருங்கடல்களைப் படமாக்கிய கேப்டன் குக் சிறுவனாகக் கடையில் வேலை செய்த ஊர் அது. ஓரிரவு தங்கத் தகுதியான ஊரே.

இந்த வட்டாரத்துக்கே உரிய மற்றொரு நடையும் உண்டு. ஆஸ்மதர்லியிலிருந்து ரேவன்ஸ்கார் வரை, மேட்டு வெளியைக் குறுக்காகக் கடந்து கடலை அடையும் 'லைக் வேக்' நடை. பில் கௌலி என்பவர் 1955இல் தொடங்கிவைத்தார். 40 மைலை 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது அறைகூவல். முதல் முயற்சியிலேயே இதைத் தொட வேண்டாம். ஒரு நாளில் 25 கிலோமீட்டரை அடுத்தடுத்த இரண்டு நாட்கள் அலுக்காமல் நடந்தவனே இதைப் பற்றி எண்ணத் தொடங்கலாம்.

கடல் காட்டும் நேரம்

மேட்டில் நாம் கதிரவனைப் பார்த்து நடக்கிறோம்; கடலோரத்தில் நிலவையும் பார்க்க வேண்டும். சென்னைக் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 1 மீட்டர்தான் வேறுபாடு. நாம் அதைக் கவனிப்பதே இல்லை. யார்க்‌ஷயர்க் கரையிலோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 4 மீட்டருக்கு மேல் நீர் ஏறி இறங்கும். காலையில் கால் மைல் அகலத்துக்குக் கிடந்த மணலும் பாறையும் மாலையில் இல்லாமல் போகும். அலை நேரே பாறைச் சுவரில் அறையும்.

ராபின் ஹூட் விரிகுடாவிலிருந்து ரேவன்ஸ்கார் வரை சில கிலோமீட்டர் தூரம். மேலே பாறை விளிம்பில் முறையான பாதை. கீழே, நீர் வற்றியிருக்கும்போது, கடற்கரை வழி. பாறையில் பதிந்த பழங்காலச் சிப்பி உருவங்களைக் காணலாம் என்பதால் கீழ்வழி பலரை இழுக்கும். போகலாம்; ஆனால் கணக்கோடு போக வேண்டும்.

ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே 12 மணி 25 நிமிடம். ஒவ்வொரு நாளும் நேரம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். வற்றத்திலிருந்து ஏற்றம் வரை உள்ள ஆறு மணி நேரத்தில் நீர் ஒரே சீராக ஏறாது. மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு, மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று, ஐந்தில் இரண்டு, ஆறில் ஒன்று என்று ஏறும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. முதல் மணியில் கடல் அசையாதது போலவே இருக்கும். 'இன்னும் நேரம் இருக்கிறது' என்று தோன்றும். அடுத்து நடு இரண்டு மணி நேரத்தில் பாதிக் கடல் ஏறிவிடும். விரிகுடாவின் நடுவில் நிற்பவனுக்கு இரு முனைகளும் ஒருங்கே அடைபடும். பின்னால் செங்குத்துப் பாறை. அதுவும் ஏறப் பிடிகொடாத களிமண்.

ஆகவே விதி இது: நீர் வற்றிக்கொண்டிருக்கும்போது கீழே இறங்குக, அடிமட்டத்தைத் தொடும் நேரத்துக்குள் கரையேறுக. வற்றம் பகல் 1 மணி என்றால் 11 மணிக்கு இறங்கி 1 மணிக்குள் மேலே வந்துவிட வேண்டும். அட்டவணையைப் படிக்கையில் மேலும் ஒரு கண்ணி உண்டு. பல அட்டவணைகள் கிரீன்விச் நேரத்தில் அச்சிடப்படுகின்றன. கோடையில் அந்நாட்டுக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடும். அந்த ஒரு மணியைக் கூட்ட மறந்தவன் தன் கணக்கு முழுவதையும் தவறாகப் போட்டவன் ஆவான்.

மேலே உள்ள பாதையும் நிலையானதன்று. அந்தக் கரையின் பல பகுதிகள் இளகிய களிமண்ணால் ஆனவை. மழையிலும் அலையிலும் இடிந்து விழுகின்றன. 1829இல் கெட்டில்னெஸ் என்னும் சிற்றூரே கடலுக்குள் சரிந்தது. இன்றும் பாதையை அவ்வப்போது உள்ளே தள்ளி அமைக்கிறார்கள். எனவே பழைய படத்தைவிடப் புதிய அறிவிப்புப் பலகையை நம்புங்கள். பாறை விளிம்பில் நின்று படம் எடுக்கும் ஆசையை அடக்குங்கள். நீங்கள் நிற்கும் புல்லுக்கு அடியில் மண் இல்லாமலே இருக்கலாம்.

வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் மற்றொன்று நேரும். வெதுவெதுப்பான ஈரக் காற்று குளிர்ந்த வடகடலின்மேல் வரும்போது மூடுபனியாகி, கரையை விழுங்கிவிடும். உள்நாட்டில் வெயில் காயும். கடலோரத்தில் கை தெரியாது. அன்று விளிம்பை விட்டு விலகி நடப்பதே அறிவுடைமை.

பையில் வைப்பதும் வைக்காததும்

நம்மவர் செய்யும் முதற்பிழை பருத்திச் சட்டை. நம் நாட்டு வெயிலுக்குப் பருத்தியே சிறந்தது. நனைந்து குளிரும் நாட்டில் அதுவே பகை. நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு உடல் சூட்டை உறிஞ்சும். கம்பளி அல்லது செயற்கை நூல் ஆடைகளை இரண்டு மூன்று அடுக்காக அணிந்து, மேலே நீர் புகாத சட்டையும் காற்சட்டையும் வைத்துக்கொள்ள வேண்டும். 100 மீட்டர் ஏறுவதற்கு வெப்பம் அரை பாகைக்கு மேல் குறையும். காற்றும் ஈரமும் சேர்ந்தால் ஜூலையிலும் உடல் விறைக்கும். பேச்சுக் குழறுவதும், தடுமாறுவதும், 'எனக்கு ஒன்றுமில்லை, விடு' என்று எரிந்து விழுவதும் முதல் அறிகுறிகள். அப்படிச் சொல்லும் நண்பரை ஒருபோதும் நம்பாதீர்கள். நிறுத்தி, உலர்ந்த ஆடை உடுத்தி, சூடாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள்.

புதிய காலணியோடு நெடும்பயணம் தொடங்குவது, ஒத்திகை பார்க்காமல் மேடை ஏறுவதைப் போன்றது. முன்பே இரண்டு மூன்று வாரம் அணிந்து பழக்குங்கள். குதிகாலில் சூடு உணர்ந்த அப்போதே நின்று ஒட்டுத்துணி ஒட்டுங்கள். கொப்புளம் கிளம்பிய பிறகு ஒட்டுவதில் பயனில்லை. கைவிளக்கு, ஊதல், அதிகப்படியான ஒருவேளை உணவு, தண்ணீர் ஆகியவை ஒருநாள் நடைக்கும் வேண்டும். ஆபத்தில் ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு, மீண்டும் ஆறு முறை ஊதுவது அங்குள்ள முறை. தொலைபேசி எண் 999 அல்லது 112. கடலோரம் என்றால் கடற்காவல் படையைக் கேட்க வேண்டும். மேட்டில் என்றால் காவல்துறையைக் கேட்டு, மலைமீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். அந்த மலைமீட்புக் குழுவினர் ஊதியம் வாங்குபவர் அல்லர். தம் வீட்டையும் வேலையையும் விட்டு வரும் தொண்டர்கள். நம் கவனக்குறைவின் விலையை அவர்கள் மழையிலும் இருட்டிலும் செலுத்துகிறார்கள் என்ற நினைவு நமக்கு இருக்க வேண்டும்.

பையில் வைக்கக் கூடாதது, 'எதற்கும் இருக்கட்டும்' என்ற எண்ணத்தோடு எடுக்கும் எல்லாம். இரண்டாம் நாளே அவை பாரமாகி, ஆறாம் நாள் வெறுப்பாகும்.

முதல் நாள் நடை

ஒன்பது நாள் அஞ்சவைத்தால் ஒரு நாளில் தொடங்கலாம். மிடில்ஸ்பரோவிலிருந்து விட்பி செல்லும் சிறு இரயில் கில்டேலில் நிற்கும். இறங்கி, கேப்டன் குக்கின் நினைவுத்தூண் உள்ள மேட்டில் ஏறி, ரோஸ்பெர்ரி டாப்பிங் என்னும் 320 மீட்டர் உயரக் குன்றுக்குச் சென்று, கிரேட் அய்ட்டன் நிலையத்தில் இறங்கினால் ஏறத்தாழ 10 கிலோமீட்டர். அந்தக் குன்றின் ஒரு பக்கம் 1912இல் சரிந்து விழுந்ததால் கொம்பு முளைத்தாற்போல் நிற்கும். குக் பள்ளியில் படித்தது அய்ட்டனில்தான். நாளுக்குச் சில வண்டிகளே ஓடுவதால், முதலில் திரும்பும் வண்டியின் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிப் புறப்படும் நேரத்தை முடிவு செய்யுங்கள். திட்டம் எப்போதும் முடிவிலிருந்தே தொடங்க வேண்டும்.

நெடும்பயணத்திலும் இதே முறைதான். ஹெம்ஸ்லியில் இரயில் நிலையம் இல்லை. கில்டேல், சால்ட்பர்ன், விட்பி, ஸ்கார்பரோ, ஃபைலி ஆகிய ஊர்களில் உண்டு. கடலோர ஊர்களுக்கிடையே பேருந்து உண்டு. ஆகவே ஒவ்வொரு நாளுக்கும், 'நடுவில் நடக்க முடியாமல் போனால் எங்கே இறங்கி எந்த வண்டியைப் பிடிப்பது?' என்ற கேள்விக்கு விடையைப் படத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள். செல்லும் வழியையும் சேரும் நேரத்தையும் தங்குமிடத்தில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். சேர்ந்ததும் தவறாமல் தெரிவியுங்கள்.

திரும்புவதற்கும் திட்டம்

கடைசியாக ஒன்று. மேட்டில் மூடுபனி இறங்குகிறது. கணக்குப்படி ஒரு மணிக்கு அடைய வேண்டிய இடத்தை இரண்டரை மணிக்கும் அடையவில்லை. நால்வரில் ஒருவர் நொண்டுகிறார். முன்னே போவதா, திரும்புவதா? அந்த வேளையில் முடிவெடுப்பது கடினம். ஏனெனில் யாருக்கும் 'திரும்பலாம்' என்ற சொல்லை முதலில் சொல்ல வெட்கம். பாதி வழி வந்துவிட்டோமே என்ற ஆசையும் சேர்ந்துகொள்ளும். எனவே அந்த முடிவை முதல் நாள் இரவே, விளக்கின் கீழ், வயிறு நிறைந்திருக்கும்போது எடுத்துவிட வேண்டும். 'இரண்டு மணிக்குள் இந்தச் சாலையைத் தொடாவிட்டால் இந்த வழியாகக் கீழே இறங்குவோம்' என்று எழுதி வைத்துவிட்டால், மறுநாள் யாரும் கோழை ஆக வேண்டியதில்லை. தாளில் எழுதியதை நிறைவேற்றினாலே போதும்.

"இவ்வளவு கணக்குப் போட்டால் நடையின் இன்பம் எங்கே?" என்று என் நண்பர் விடாமல் கேட்டார். கணக்குப் போடாதவன் கடிகாரத்தையும் கடலையும் அஞ்சி அஞ்சிப் பார்த்துக்கொண்டே நடப்பான். கணக்குப் போட்டவனோ ஹெதர்ப் பூவின்மேல் தேனீ ஒன்று வந்து அமர்ந்தால், பத்து நிமிடம் நின்று பார்ப்பான்; அந்தப் பத்து நிமிடம் அவன் கணக்கில் முன்பே இருக்கிறது. இதைச் சொன்னதும் நண்பர் பேசவில்லை. நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு தரையில் அமர்ந்தார்.